ஓட்டத்தின் நடுவே நின்றவர்



எருசலேம் மலைமேல் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 750 மீட்டர். எரிகோ கடல் மட்டத்துக்கும் கீழே, சுமார் 250 மீட்டர் பள்ளத்தில் கிடக்கிறது. இரண்டுக்கும் இடையே பாதையின் நீளம் 25 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அந்தத் தூரத்துக்குள் 1,000 மீட்டர் இறங்கியாக வேண்டும். மலைப்பாதையில் இறங்கியவர்களுக்குத் தெரியும், ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போதோ கால் தானாக ஓடும். ஓடுகிற காலை நிறுத்தத்தான் அங்கே பலம் வேண்டும்.

இன்று நாம் கேட்ட நல்ல சமாரியர் உவமையில், அந்தப் பாதையில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கிறார். மூன்று பேர் அந்த வழியாக வருகிறார்கள். குரு பார்த்தார். லேவியரும் பார்த்தார். சமாரியரும் பார்த்தார். பார்த்ததை லூக்கா மூவருக்கும் தனித்தனியாகச் சொல்லுகிறார். அதில் ஒருவரையும் அவர் விட்டுவிடவில்லை. ஆகவே முதல் இருவருக்கும் கண் தெரியவில்லை என்றோ, செய்தி எட்டவில்லை என்றோ நாம் சாக்குச் சொல்ல முடியாது. அடிபட்டவர் கிடந்தது மூவர் கண்ணிலும் பட்டது. நின்றவர் ஒருவர்தான்.

இன்று பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாள். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1992ஆம் ஆண்டு இந்த நாளை நோயாளர்களுக்கான உலக நாளாக ஏற்படுத்தினார். நம் ஆலயத்தின் முன்வரிசையில் சக்கர நாற்காலிகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் செவிலியர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவர்கள் சிலரும் வந்திருக்கிறீர்கள். உங்களை நினைத்துத்தான் இந்த உவமையை நம் உடம்பின் குருதிக்குள் கொண்டுபோக விரும்புகிறேன். அறிவியலை வைத்துக் கடவுளை நிரூபிக்க நான் வரவில்லை. அதற்கு மறையுரை மேடை தேவையில்லை. அப்படிப்பட்ட நிரூபணத்தில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. நிற்பது என்றால் என்ன என்று அறிய வேண்டும். அதை அறிய நம் ரத்தத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ரத்தப் பரிசோதனைத் தாளில் டோட்டல் கவுண்ட் என்று ஒரு வரி இருக்கும். வெள்ளையணுக்களின் எண்ணிக்கை அது. நலமாக இருக்கிற பெரியவர் ஒருவரின் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில், அதாவது ஊசிமுனையில் தங்குகிற அளவுக்கு, ஏறக்குறைய 4,000 முதல் 11,000 வரை இருக்கும். கிருமி நுழைந்த இடத்துக்குப் போய்ச் சண்டை போடுகிற காவலர்கள் இவர்கள்தான். ஆனால் இவர்கள் இருப்பது ஆற்றுவெள்ளம்போல ஓடுகிற ரத்தத்தில். காலில் ஒரு முள் குத்துகிறது. முள் குத்திய இடத்தைத் தாண்டி ரத்தம் பாய்ந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பாய்ச்சலில் வருகிற ஓர் அணு, அந்த இடத்தில் மட்டும் எப்படி நிற்கிறது?

1867ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் யூலியுஸ் கோன்ஹைம், உயிருள்ள தவளையின் மெல்லிய சவ்வை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். சவ்வில் அழற்சி தொடங்கியதும், நடு ஓட்டத்தில் வந்த வெள்ளையணுக்கள் ஓரத்துக்கு ஒதுங்கின. நாளச் சுவரின்மேல் உருண்டன. பிறகு ஓரிடத்தில் அசையாமல் நின்றன. நின்றவை சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போயின. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1882இல், சிசிலித் தீவின் மெசினா நகரில் இலியா மெச்னிகோவ் என்னும் ரஷ்ய அறிஞர், கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிகிற நட்சத்திரமீன் குஞ்சுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டார் எல்லாரும் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்தார்கள். திடீரென்று ஓர் எண்ணம் தோன்றித் தோட்டத்துக்கு ஓடினார். சில நாள் முன்புதான் அங்கே ஒரு சிறு ஆரஞ்சுமரத்தைக் குழந்தைகளுக்குக் கிறிஸ்துமஸ் மரமாக அலங்கரித்திருந்தார்கள். அந்தத் தோட்டத்தில் சில ரோஜா முட்களைப் பறித்து வந்து குஞ்சுகளின் தோலுக்குள் செருகினார். இரவு முழுவதும் அவருக்குத் தூக்கம் இல்லை. விடிந்ததும் பார்த்தால், முள்ளைச் சுற்றி அணுக்கள் கூடியிருந்தன. 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது அந்த ஒரு காலைப்பொழுதிலிருந்து தொடங்கிய உழைப்புக்காக.

அணுக்கள் கூடுகின்றன என்பது தெரிந்துவிட்டது. எதைக்கொண்டு ஓட்டத்தில் நிற்கின்றன என்பது தெளிவாக இன்னும் ஒரு நூற்றாண்டு பிடித்தது. 1991இல் பாஸ்டனில் மைக்கேல் லாரன்சும் திமோதி ஸ்பிரிங்கரும் இரத்த நாளத்தின் ஒட்டு மூலக்கூறுகளை ஒரு செயற்கைப் பரப்பில் பதித்து, அதன்மேல் வெள்ளையணுக்களை ஓடவிட்டுப் பார்த்தார்கள். நிற்பதற்கு இரண்டு படிகள் இருந்தன. முதலில் செலக்டின் என்கிற புரதம் அணுவைப் பிடித்து உருள வைக்கிறது. அதன்பின் இன்டக்ரின் என்கிற புரதம் அதை நிறுத்துகிறது.

இந்த முதல் பிடிப்பைக் கொஞ்சம் அருகே போய்ப் பாருங்கள். காயம் பட்டதும் நாளச் சுவர், தனக்குள்ளே பொதிந்து வைத்திருக்கிற செலக்டினைச் சில நிமிடங்களுக்குள் வெளியே நீட்டுகிறது. அடிபட்டவர் கை நீட்டுவதுபோல. ஓடுகிற வெள்ளையணுவின் மேற்பரப்பில் அந்தக் கைக்குச் சிக்க வேண்டிய ஒரு புரதம் குச்சிபோல் நீண்டு நிற்கிறது. ஆனால் அந்தப் புரதம் வெறுமனே இருந்தால் கைக்குச் சிக்காது. அதன்மேல் சர்க்கரைகளை அடுக்க வேண்டும். அந்த அடுக்கில் ஃபியூக்கோஸ் என்கிற ஒரு சிறு சர்க்கரையும் சியாலிக் அமிலமும் அதனதன் இடத்தில் அமைய வேண்டும். நுனியில் இருக்கிற டைரோசின்களின்மேல் சல்பேட் ஏற வேண்டும். இத்தனையும் புரதம் உருவான பிறகு, அணுவின் பட்டறையான கோல்கிக்குள் நடக்கிற கைவேலை. வெள்ளையணுக்களில் ஒரு வகையான டி-அணு இன்னும் அனுபவம் பெறாதபோதும் அதனிடம் இதே புரதம் உண்டு. சர்க்கரை மட்டும் முழுமையாக ஏறியிருக்காது. நிணநீர்க் கணுவில் அது தன் எதிரியைச் சந்தித்துப் பயிற்சி பெற்ற பிறகே, அதற்கான நொதிகள் பிறந்து அந்தச் சர்க்கரையை ஏற்றுகின்றன. புரதம் பழையதுதான். மேலே வைக்கப்பட்டது புதிது.

திருமுழுக்கின்போது நான் குழந்தையின் உச்சியில் கிறிஸ்மா எண்ணெய் பூசுகிறேன். குழந்தையின் எடை கூடுவதில்லை, முகம் மாறுவதில்லை. ஆனால் இனி இந்தக் குழந்தை எதற்குச் சிக்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு அங்கே ஒன்று வைக்கப்படுகிறது. இது ஒப்புமைதான், எண்ணெயும் சர்க்கரையும் ஒன்று என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் அந்தப் பிஞ்சுத் தலையைத் தொடும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வராமல் இருப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. செலக்டினும் அந்தச் சர்க்கரையும் பிடித்துக்கொள்கிற பிடி விசித்திரமானது. சாதாரணமாக ஒரு பிடியை இழுத்தால் அது தளரும். இந்தப் பிடியோ, ஓர் எல்லை வரை, இழுக்க இழுக்க இறுகுகிறது. 2003இல் இதை அளந்து காட்டினார்கள். ரத்தம் அணுவை இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறது. அந்த இழுப்பே பிடியைக் கெட்டியாக்குகிறது. படுக்கையில் கிடக்கிற கணவனை ஆறு ஆண்டு, ஏழு ஆண்டு பார்த்துக்கொண்ட தாய்மார்கள் இங்கே இருக்கிறீர்கள். வேலை இழுத்தது, கடன் இழுத்தது, உங்கள் உடம்பே இழுத்தது. விட்டுவிட்டுப் போயிருக்கலாம். உங்கள் பிடி ஏன் இறுகியது என்று உங்களையே கேட்டால் உங்களுக்குச் சொல்லத் தெரியாது. எனக்கும் தெரியாது.

உருளுகிற அணு இன்னும் நிற்கவில்லை. நிறுத்துகிற இன்டக்ரின், அமைதியான நேரத்தில் மடங்கிக் கிடக்கிறது. மண்டியிட்டுக் குனிந்த ஆளைப்போல. காயத்தின் அருகே சுவரில் படிந்திருக்கிற வேதிச் செய்தியை அணு உணர்ந்ததும், உள்ளேயிருந்து ஒரு கட்டளை கிளம்பி இன்டக்ரினின் வாலுக்கு வருகிறது. அந்த வாலில் திரியோனின் என்னும் ஒரே ஓர் அமினோ அமிலத்தின்மேல் பாஸ்பேட் ஏறினால், அதுவரை வாலைப் பற்றிக்கொண்டிருந்த புரதம் விலகி வேறொரு புரதம் வந்து சேருகிறது என்று ஹெல்சின்கி ஆய்வாளர்கள் கண்டார்கள். இப்படிப் பல கைகள் சேர, இமைப்பொழுதில் இன்டக்ரின் நிமிர்கிறது. நிமிர்ந்தாலும் அதன் உயரம் ஒரு மில்லிமீட்டரை 50,000 பங்கு வைத்தால் அதில் ஒரு பங்குதான். அது நிமிர்ந்து பிடித்ததும் அணு நின்றுவிடுகிறது. அந்தக் கட்டளை உள்ளிருந்து வருகிறது என்பதைக் கவனியுங்கள். சமாரியர் பரிவு கொண்டார் என்பதற்கு லூக்கா எழுதுகிற கிரேக்கச் சொல்லின் வேர், வயிற்றுக்குள் இருக்கிற உறுப்புகளைக் குறிப்பது. நம் ஊரில் வயிற்றைப் பிசைந்தது என்போமே, அது.

சர்க்கரை ஏறாவிட்டால், இன்டக்ரின் இல்லாவிட்டால் என்ன ஆகும்? இதை நான் மெதுவாகச் சொல்ல விரும்புகிறேன். பேறுகாலம் முடிந்த வீட்டுக்கு ஊரிலிருந்து வருகிற தொலைபேசியில் பாட்டிமார் கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று, கொடி விழுந்துச்சா என்பது. தொப்புள்கொடி பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் காய்ந்து விழுந்துவிடும். சில குழந்தைகளுக்கு மூன்று வாரம், நான்கு வாரம் ஆகியும் விழாது. அந்தக் கொடி உதிர்வதற்குக்கூட வெள்ளையணுக்கள் அங்கே போய் வேலை செய்ய வேண்டும். இவர்களில் மிகச் சிலர், இன்டக்ரினின் ஒரு பாகத்தைத் தரும் மரபணு பழுதாகப் பிறந்த குழந்தைகள். தொப்புளில் புண், ஈறில் புண், தோலில் ஆறாத புண். ரத்தத்தைப் பரிசோதித்தால் வெள்ளையணு குறைவாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? அளவுக்கு மீறி இருக்கும். சில குழந்தைகளுக்கு ஒரு மைக்ரோலிட்டரில் லட்சத்தைத் தொடும். காவலர்கள் கூட்டம் கூட்டமாக ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். புண்ணில் ஒருவரும் இல்லை.

அந்தப் புண்ணில் சீழ் பிடிக்காது. சீழ் என்றால் நாம் முகத்தைச் சுளிக்கிறோம். சீழ் என்பது பெரும்பாலும் என்ன? ஓட்டத்தில் நின்று, சுவரைத் தாண்டி இறங்கி, கிருமியோடு போராடி மடிந்த வெள்ளையணுக்களின் உடல்கள். கிருமி புகுந்த இப்படிப்பட்ட புண்ணில் சீழ் இல்லை என்றால் அங்கே யாரும் நிற்கவில்லை என்று பொருள். காயங்களைக் கழுவிக் கட்டுகிற செவிலியர்களே, பல ஆண்டுகளாக நீங்கள் உங்கள் கையால் துடைத்துப் போட்டது எதை என்று நான் உங்களுக்குச் சொல்ல விரும்பினேன்.

அன்புக்குரியவர்களே, ஞாயிறு காலை மூன்று பூசையிலும் நம் கோயில் நிறைந்து வழிகிறது. டோட்டல் கவுண்ட் நமக்கு மிக நன்றாக இருக்கிறது. எத்தனை பேர் வருகிறார்கள் என்று மறைமாவட்டத்துக்கு அறிக்கை எழுதும்போது என் மனம் நிறைகிறது. அந்த நிறைவை நான் இப்போது சந்தேகிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளையணுக்கள் நிற்க முடியாமல் ஓடுகிற இந்த நோயின் இரண்டாவது வகையில் இன்டக்ரின் நன்றாக இருக்கும், சர்க்கரைதான் இருக்காது. 1992இல் இஸ்ரேலில் இரண்டு அரபுச் சிறுவர்களிடம் இதை முதலில் கண்டு எழுதினார்கள். அதைக் கண்டுபிடிக்க உதவிய தடயம் நம் நாட்டோடு தொடர்புடையது. 1952இல் பம்பாயில் மருத்துவர் பெண்டேயும் அவரது தோழர்களும் கண்ட அரிய ரத்த வகைக்கு இன்றும் பம்பாய் வகை என்றே பெயர். சிவப்பணுவின்மேல் ஃபியூக்கோஸ் சேர்ந்து உருவாகிற ஓர் அடையாளம் அந்த வகையினருக்கு இல்லை. மற்றபடி அவர்கள் நலமாகவே வாழ்கிறார்கள். இந்தச் சிறுவர்களின் ரத்தமும் பம்பாய் வகையாக இருந்தது. சிவப்பணுவிலும் ஃபியூக்கோஸ் இல்லை, வெள்ளையணுவிலும் இல்லை. உடம்பு முழுவதிலுமே அந்தச் சர்க்கரை ஏறவில்லை. அணுவுக்குள் ஃபியூக்கோஸ் தயாராகத்தான் இருந்தது. அதைக் கோல்கிப் பட்டறைக்குள் கொண்டுபோகிற வாசலில்தான் பழுது என்று பிறகு தெரிந்தது.

1999இல் ஜெர்மனியில் மருத்துவர்கள் அதே நோயுள்ள ஒரு குழந்தைக்கு ஃபியூக்கோஸை வாய்வழியாகவே ஊட்டிப் பார்த்தார்கள். விலையுயர்ந்த மருந்து ஏதும் இல்லை, சர்க்கரைதான். வாசலுக்கு வெளியே அதன் அளவு கூடக்கூட, பழுதான வாசல் வழியாகவும் கொஞ்சம் உள்ளே போனது. வெள்ளையணுக்களின்மேல் சர்க்கரை ஏறியது. எண்ணிக்கை இறங்கியது. காய்ச்சலும் தொற்றும் குறைந்தன. ஓடிக்கொண்டே இருந்தவை நின்றன. அதே முறையை இஸ்ரேல் பிள்ளைகளிடமும் செய்து பார்த்தார்கள். பலிக்கவில்லை. அவர்களுடைய வாசலின் பழுது வேறு விதமானது. ஒரு குழந்தைக்குக் கேட்டது, இவர்களுக்குக் கேட்கவில்லை. குணமாக வேண்டும் என்று இங்கே வந்து மன்றாடியவர்களில் சிலர் குணமானார்கள். சிலரை நாம் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். ஏன் என்று கேட்டு என் அறைக்கு வந்த தாய்மாரிடம் நான் பதில் சொன்னதில்லை. உட்கார்ந்திருந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

எல்லா நேரமும் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருப்பதும் நோயே. நின்ற வெள்ளையணு மறுபடி நகர வேண்டுமானால் பின்பக்கத்துப் பிடியை விட வேண்டும். ஏறிய பாஸ்பேட் இறங்க வேண்டும். காயமில்லாத இடத்தில் காவலர்கள் நின்று தாக்கினால் மூட்டும் நரம்பும் கெடும். மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்னும் நரம்பு நோய்க்கு, இன்டக்ரினைத் தடுக்கிற ஒரு மருந்து 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அணுக்கள் மூளைக்குள் இறங்குவது தடைபட்டது; நோயாளிகளுக்கு நிவாரணம் கிடைத்தது. ஆனால் காவல் விலகிய மூளையில், பலரின் உடம்பில் சத்தமில்லாமல் உறங்கிக் கிடக்கிற ஒரு வைரஸ் சிலருக்கு விழித்துக்கொண்டது. 2005இல் மருந்தை நிறுத்தினார்கள். 2006இல் கடுமையான கண்காணிப்போடு திரும்பக் கொண்டுவந்தார்கள். பிடிப்பதற்கும் விடுவதற்கும் நடுவே அவ்வளவு மெல்லிய கோடு. சமாரியரும் மறுநாள் காலை புறப்பட்டுப் போனாரே! சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து ஒப்படைத்துவிட்டுத் தன் பயணத்தைத் தொடர்ந்தார். அடிபட்டவரைத் தன்னோடு கட்டிக்கொள்ளவில்லை. பிறருக்கு உதவுகிறேன் என்று ஆளையே விழுங்கிவிடுகிற அன்பையும் நான் பார்த்திருக்கிறேன். இதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

ஒன்றை இன்று உங்கள்முன் சொல்லியாக வேண்டும். நான் குருப்பட்டம் பெற்ற முதல் ஆண்டுகளில், ஒரு பெரிய மருத்துவமனையில் வெள்ளிதோறும் நோயாளர்களுக்கு நற்கருணை கொண்டுபோவேன். கையில் ஒரு பட்டியல் இருக்கும். எந்த வார்டு, எந்தக் கட்டில், யார் பெயர். அன்று பதினான்கு பேர். மாலை ஆறு மணிக்கு வேறொரு ஊரில் பூசை இருந்தது. பதினோராவது கட்டிலைத் தாண்டும்போது யாரோ என் அங்கியின் ஓரத்தைப் பிடித்தார்கள். திரும்பினேன். வயதானவர், நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர், பட்டியலில் பெயர் இல்லை. கட்டிலருகே யாரும் இல்லை. சாமி, கொஞ்சம் நில்லுங்க என்றார். திரும்பி வரும்போது பார்க்கிறேன் ஐயா என்று சொல்லி, அவர் விரல்களை மெதுவாக விடுவித்துக்கொண்டேன். மெதுவாகத்தான் செய்தேன், அதை எனக்குச் சாதகமாக எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பதினான்காவது கட்டிலை முடித்ததும் எதிர்ப்பக்கப் படிக்கட்டு அருகில் இருந்தது. அதில் இறங்கிப் போய்விட்டேன். பூசைக்குச் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அடுத்த வெள்ளி அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். வார்டைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மாவிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை போயிட்டாருங்க சாமி என்றார். கடைசி இரண்டு நாளும், வேலை முடிந்த பிறகு அந்த அம்மாதான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அடிபட்ட சுவர் கையை நீட்டியது. கை என்மேல் பட்டது. என்னிடம் அதற்குச் சிக்குகிற எதுவும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடிவிட்டேன். அந்த நேரத்தில் என் கழுத்தில் தொங்கிய சிறு பேழையில் நற்கருணை ஆண்டவர் இருந்தார். ஜெர்மனிக் குழந்தையைப் பற்றி முதன்முதல் படித்த அன்று இரவு, வாய்வழியாகக் கொடுத்தார்கள் என்கிற இடத்தில் என்னால் அதற்குமேல் படிக்க முடியவில்லை. நானும் ஒவ்வொரு நாளும் வாயில்தானே வாங்குகிறேன். இத்தனை ஆண்டு வாங்கியது வாசலுக்கு வெளியே நின்றுவிட்டதா என்று கேட்டுக்கொண்டே விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு என் செபம் ஒன்றுதான்: ஆண்டவரே, இன்னும் கொஞ்சம் ஊட்டும்.

இப்போது நோயில்பூசுதல் தொடங்கப்போகிறது. முன்னால் வர முடிந்தவர்கள் வாருங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் அசைய வேண்டாம். நானே உங்களிடம் இறங்கி வருகிறேன். பெயர்ப் பட்டியல் எதுவும் எழுதவில்லை. நம் சபையைச் சேராத அன்பர்கள் யாராவது துணைக்கு வந்து உட்கார்ந்திருந்தால், உங்கள் அருகிலும் நின்று தலைமேல் கைவைத்து செபிக்கிறேன். வேண்டும் என்றால் கையை மட்டும் நீட்டுங்கள். மாலை நேரப் பூசையை உதவிப் பங்குத்தந்தையிடம் ஒப்படைத்திருக்கிறேன்.